பின்வாசலில் வந்து கேட்டவர்

இந்தக் குளிரிலும் நேரத்தோடு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் நம் மன்றத் தலைவர் குகனேஸ்வரன் அவர்களே, மண்டபத்தை இலவசமாகக் கொடுத்த கோயில் நிர்வாகத்தினரே, மேல் லயத்திலிருந்தும் கீழ் லயத்திலிருந்தும், கியா பார்ம், பிரிஞ்சாங், லெம்பா பெர்த்தாம் பக்கமிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, நண்பர்களே! மேடைக்கு வாருங்கள் என்று நாங்கள் எவ்வளவு அழைத்தும் மறுத்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் திருச்செல்வம் அண்ணன் அவர்களே! உங்கள் எல்லாருக்கும் தர்மேந்திரனின் வணக்கம்.

நம் மலைத்தோட்டக் குடும்ப நல மன்றத்தின் செயலாளர், நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, திருச்செல்வம் அண்ணனின் துணைவியார், அமரர் வசுமதி அம்மையார் அவர்களுக்கு இரங்கல் சொல்லக் கூடியிருக்கிறோம். அமரர்! அவர் பெயருக்கு முன்னால் இந்தச் சொல்லை இன்றுதான் முதல் முறையாக வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவன் தன் உதட்டைத் தானே கடித்துப் பார்ப்பானே, அப்படி இருக்கிறது.

நான் மேடையைக் கண்டு பயப்படுகிறவன் அல்ல. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்திலேயே, மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது என்று பேர் எடுத்தவன். இன்றைக்கும் எழுதிக்கொண்டுதான் வந்தேன். சட்டைப்பையில் இருக்கிறது. 'இமயம் சரிந்தது' என்று ஆரம்பித்திருக்கிறேன். அதைப் படிக்கப் போவதில்லை. டீச்சருக்கு அந்த மாதிரிப் பேச்சு ஆகாது. "இமயம் எத்தனை அடி தர்மேன்? நான் எத்தனை அடி?" என்று கேட்டிருப்பார்.

எல்லாரும் அழுதீர்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மருத்துவமனையிலிருந்து அவரை வேனில் கொண்டுவந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கீழேயிருந்து வந்த கார்கள் எல்லாம் ரோட்டோரம் நிற்க, ஜனங்கள் ஸ்ட்ராபெரியும் சோளமும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேன் நகரவில்லை. டீச்சர் பின்னால் படுத்திருந்தார். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைகளின் விலைப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் என் தலைக்குள் ஏறவில்லை. டீச்சருக்கு உயிர் இருந்திருந்தால் கண்ணாடியை இறக்கி, "ஏன்மா, ஒரு பெட்டி வித்தா ஒனக்கு எவ்ளோ நிக்கும்?" என்று கேட்டிருப்பார். கேட்பதுதானே அவர் வேலை!

அப்படி என்னதான் கேட்டார்? ஏன் கேட்டார்? இளையவர்கள் பலருக்குத் தெரியாது. இதே மண்டபத்தில் ஒரு தீபாவளி ஒன்றுகூடல். இரண்டு பேச்சாளர்கள். தோட்ட மக்கள் முன்னேறிவிட்டார்கள், லயத்துக்கு லயம் கார் நிற்கிறது என்றார் ஒருவர். தோட்ட மக்கள் நசிந்துவிட்டார்கள், கஞ்சிக்கும் வழியில்லை என்றார் அடுத்தவர். இரண்டு பேச்சுக்கும் நாம் கைதட்டினோம்! அதே கூட்டம், அதே கை! டீச்சர் மட்டும் தட்டவில்லை. எழுந்து நின்று, "ரெண்டு பேருல யாராச்சும் வூட்டுல போயி கேட்டீங்களா?" என்று கேட்டார். இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள்.

அங்கே பிறந்ததுதான் நம் மன்றத்தின் குடும்ப வருமான ஆய்வு. தேயிலைத் தோட்டத்து லயங்கள், காய்கறிக் கொல்லைகள், பூந்தோட்டங்கள், டவுனில் சின்ன வியாபாரம் செய்கிறவர்கள் என்று நம் குடும்பங்களின் பெயரையெல்லாம் சீட்டில் எழுதி, அம்மன் சந்நிதியில் குலுக்கிப் போட்டோம். விழுந்த வீடுகளுக்கு ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் போக வேண்டும். எப்போதும் அதே வீடுகள்தான். போன மாசம் இந்த வீட்டுக்கு எவ்வளவு வந்தது? இந்த ஒரே கேள்விதான். வருஷம் போகப் போக நாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரிந்துவிடும்.

குடும்பம் என்றால் எது? அதற்கும் டீச்சர் ஒரு விதி வைத்தார். ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், மாமியார் எல்லாம் இருப்பார்கள். "கூரைய எண்ணாதீங்க, அடுப்ப எண்ணுங்க" என்றார். ஓர் அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இந்த விதியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய என் பேச்சே அதில்தான் முடியப் போகிறது.

அந்தக் குலுக்கலில் டீச்சர் வீட்டுச் சீட்டும் விழுந்தது. செயலாளர் வீடு எதற்கு, வேறு சீட்டு எடுத்துக்கொள்வோம் என்றோம். "ஆத்தா எடுத்துக் குடுத்தத மாத்த நீங்க யாரு?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் சுற்று! அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். வர வேண்டும். மேல் லயத்தில் முதல் வீடு நம் சின்னக்கருப்பன் அண்ணன் வீடு. டீச்சர் அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லயத்து அஞ்சடியைப் பற்றி உங்களுக்கா சொல்ல வேண்டும்? எல்லா வீட்டுக்கும் சேர்த்து நீளமாய் ஒரே முன்வாசல். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் 'நூறு வயசு' என்று வாழ்த்துவார்கள். டீச்சர் கேட்டதும் லயமே வெளியே வந்து நின்றது. சின்னக்கருப்பன் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆயிரத்தி அறுநூறு வெள்ளி!" என்றார். அடுத்த வீட்டு மாரியம்மா அக்கா, "எங்களுக்கும் அதான் டீச்சர், எழுதிக்கங்க" என்றார். அதற்கடுத்த வீடு, "அதேதான்லா." கடைசி வீடு வரைக்கும் அதேதான்! கூட்டிச் சொன்னால் கண் பட்டுவிடும், கைமாற்று கேட்டு ஆள் வந்துவிடும். குறைத்துச் சொன்னால் மானம் போய்விடும். முதல் வீட்டுக்காரர் சொன்னதைச் சொல்லிவிட்டால் யாருக்கும் வம்பில்லை. நாம் அப்படிப்பட்டவர்கள்தானே?

கீழ் லயத்திலும் அதே கதைதான். அங்கே தொகை வேறு, ஏனென்றால் முதல் வீட்டுக்காரர் வேறு. மன்றத்தில் எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது கணக்கு! டீச்சர் மட்டும் முகம் சுளித்தார். "இது மலையோட வருமானம் இல்ல, சின்னக்கருப்பன் வருமானம். அவரு சொன்னப்ப அவரு சம்சாரம் உள்ளருந்து சிரிச்ச சிரிப்பப் பாத்தா, அதுவும் இல்ல" என்றார். அப்புறம், "தப்பு என்னோடது. அஞ்சடியில வச்சுக் கேட்டேன்" என்று எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார். சின்னக்கருப்பன் அண்ணே, பின்னால்தானே நிற்கிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். டீச்சர் உங்களைப் பற்றிச் சொல்லாத கூட்டம் கிடையாது.

அன்றிலிருந்து டீச்சர் பின்வாசலுக்குப் போனார். முன்னால் நின்று கூப்பிட மாட்டார். கோழிக்கூட்டைச் சுற்றி, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து, சமையலறைக் கதவைத் தட்டுவார். அடுப்படியில் பலகையை இழுத்துப் போட்டு உட்காருவார். வீட்டுப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் கேட்பார். கொழுந்து எவ்வளவு எடை போட்டது? பின்னால் இருக்கிற சரிவில் கீரை போட்டிருக்கிறாயே, அதில் என்ன வந்தது? சனிக்கிழமை பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் கடை போட்டதில்? சிங்கப்பூரில் இருக்கிற மகன் அனுப்பினானா, இல்லை, அனுப்புகிறான் என்று சொல்லிக்கொள்கிறாயா? அடுப்படியில் யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டதை வெளியே ஒரு வார்த்தை சொல்ல மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே தொகையாய் நின்ற லயம், அந்தச் சுற்றில்தான் மேலும் கீழுமாய்ப் பிரிந்து தெரிந்தது.

சராசரி பார்த்தால் போதாதா டீச்சர் என்று நான் கேட்டேன். இந்த மண்டபத்திலேயே எங்களைப் பிடித்து உயர வரிசையில் நிற்க வைத்தார். குட்டை ஒரு கோடி, நெட்டை ஒரு கோடி. நடுவில் நின்றவரைத் தோளைத் தொட்டு வெளியே இழுத்தார். "இவருதான் நமக்கு வேணும். அந்தக் கோடியில நிக்கிற நெட்டையன் நாளைக்கே தென்னமர உசரம் வளந்தாலும் இவரு உசரம் மாறாது. ஒரு காய்கறி மொதலாளி ரெண்டு லோரி வாங்குனா நம்ம சராசரி ஏறிடும். மாரியம்மா பானையில அரிசி ஏறுமா?" என்றார். இடைநிலை வருமானம் என்பது அதுதான். நம் ஆட்கள் அதற்கு 'நடு வீடு' என்று பேர் வைத்தார்கள். இந்த வருஷம் நடு வீடு எவ்வளவு டீச்சர் என்று கோயில் பூசாரிகூடக் கேட்பார். எனக்குத் தெரிந்து வேறு எந்த ஊரிலும் பூசாரி இதைக் கேட்கமாட்டார்.

பிறகு லெம்பா பெர்த்தாமில் வெள்ளத்தோடு சேறு வந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. அங்கிருந்து வந்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கடுத்த சுற்றில் நடு வீட்டின் வருமானம் திடுமென்று ஏறியது! நாங்கள் கைதட்டத் தயாராகிவிட்டோம். வெள்ளத்துக்குப் பிறகும் நம் மக்கள் எழுந்து நிற்கிறார்கள் என்று நான் ஒரு பேச்சே எழுதிவிட்டேன். டீச்சர் கேட்டார், "சேத்துல வூடு போனவங்க இந்த வரிசையில எங்க நிக்கிறாங்க?"

எங்கும் நிற்கவில்லை! போய்ப் பார்த்தோம், வீடு இல்லை, ஆளும் இல்லை, பேரை அடித்துவிட்டு வந்துவிட்டோம். நொந்துபோன வீடுகளை வரிசையிலிருந்து தூக்கிவிட்டால், மிச்சம் நிற்கிறவர்களின் நடு தன்னால் மேலே போகும். யாருக்கும் ஒரு காசு கூடாமலே ஊர் பணக்கார ஊர் ஆகிவிடும். டீச்சர் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போனார். ஒரு குடும்பம் ஈப்போவில் மச்சான் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தது. ஒன்று பிரிஞ்சாங்கில் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தது. அந்த அறைக்குப் பின்வாசல் இல்லாததால் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டார். எல்லாரையும் வரிசையில் மறுபடி நிறுத்தினார். நடு வீடு இறங்கியது. என் பேச்சு குப்பைக்குப் போனது. "ஆளு போனாலும் வூட்ட வுடாதீங்க" என்பது அன்று வந்த விதி.

அன்பர்களே! விதி போடுவது சுலபம். சாவு விழுந்த வீட்டில் போய் நிற்க யாருக்கு மனசு வரும்? பாஞ்சாலை, உன் கதையைச் சொல்லலாம் என்று நீதான் அனுமதி கொடுத்தாய். சொல்கிறேன்.

பாஞ்சாலையின் கணவர் ராஜு, காய்கறி லோரி ஓட்டியவர். மலை இறங்கும்போது வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். அந்தச் சுற்றில் அந்த வீடு இன்னும் கேட்கப்படவில்லை. இப்போது எப்படிக் கேட்பது, விட்டுவிடலாம், அதுதான் மரியாதை என்றோம். "சரி, எவ்ளோ நாளைக்கு வுடலாம்?" என்று டீச்சர் கேட்டார். கருமாதி முடிந்ததும் அவரே போனார். பின்வாசலில் அவரைக் கண்டதும் பாஞ்சாலை கத்திவிட்டது. "செத்த வூட்டுல சம்பளம் கேக்க வந்தியா டீச்சரு? ஒனக்கு வெக்கமா இல்ல?" கருமாதிக்கு வாசலில் வைத்துச் சமைக்கக் கோயிலிலிருந்து எடுத்த பெரிய சட்டிகள் எல்லாம் கழுவாமல் குழாயடியில் கிடந்தன. டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கழுவ உட்கார்ந்துவிட்டார். கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார்.

ஒரு நாள் பாஞ்சாலை தேத்தண்ணி கலந்து டீச்சர் கையில் கொடுத்தது. சாவுக்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அன்றைக்குத்தான். "ஒண்ணும் வர்ல டீச்சர். போன மாசம் ஒண்ணும் வர்ல. இந்த மாசமும் வராது" என்றது. "எழுதிக்கவா?" என்று கேட்டார் டீச்சர். "எழுதிக்க" என்றது. ஒரு பூஜ்யம் எழுதினார். வரிசையின் மேல்பக்கம் நின்ற வீடு கீழ்க்கோடிக்கு வந்தது. நடு, ஒரு வீடு தள்ளி நகர்ந்தது. உலகத்தில் வேறு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பாஞ்சாலை என்னிடம் பின்னால் சொன்னது இது. "வந்தவங்க எல்லாரும் எப்பிடிச் செத்தாருன்னு கேட்டாங்கண்ணே. லோரி எந்த வளைவுல கவுந்துச்சு, பிரேக் புடிச்சாரா, அதான் கேட்டாங்க. இனிமே இந்த வூட்டுக்கு என்னா வரும்னு கேட்டது டீச்சரு ஒருத்தவங்கதான். வாயத் தொறந்து ஒண்ணுமில்லன்னு சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சிச்சு, ஒண்ணுமில்லன்னு. மறுநாளு பூ கட்டி அனுப்புற எடத்துல வேல கேக்கப் போனேன்." அந்தப் பாஞ்சாலை இன்று நம் ஆய்வில் கீழ் லயத்து வீடுகளை எல்லாம் கேட்டு வருகிறது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த ஆண்டுச் சுற்று முடியப் போகிறது. எல்லா வீடும் கேட்டாயிற்று. டீச்சர் தன் வீட்டை எப்போதும் கடைசியில்தான் வைப்பார். ஒவ்வொரு சுற்றிலும் நான்தான் போய்க் கேட்பேன். போன சுற்றில் திருச்செல்வம் அண்ணன் அஞ்சடியில் என்னைப் பார்த்ததும், வாழைமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தொகையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். டீச்சர் உள்ளேயிருந்து, "அங்க வச்சுச் சொல்லாதீங்க! தர்மேன், சுத்தி வா!" என்று குரல் கொடுத்தார். சொந்த வீட்டிலும் பின்வாசல்தான். சுற்றிக்கொண்டுதான் போனேன்.

ஒரு வீடு மட்டும் பாக்கி. அந்த வீடு.

மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்று காலையில் தேத்தண்ணி போட எழுந்த டீச்சர், அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் சரிந்துவிட்டார். அண்ணன் சொன்னார். அதன்பிறகு அந்த அடுப்பு எரியவில்லை. கருமாதி முடிந்தது, எரியவில்லை. அக்கம்பக்கம் கொண்டுவந்து வைப்பதைச் சாப்பிடுகிறார், பாதி சாப்பிடுகிறார். நான் போனேன். கேள்வியைக் கேட்கவில்லை. கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அடுப்பு எரியுற வூடுதானே ஒங்க கணக்கு? இங்க எரியல. அடிச்சுடு தர்மேன்" என்றார். டீச்சரின் விதியை எடுத்து டீச்சர் வீட்டையே அடிக்கச் சொன்னார்! வெளியே வந்துவிட்டேன்.

மன்றம் கூடியது. அமரருக்கு மரியாதையாக அந்த வீட்டை இந்தச் சுற்றில் விட்டுவிடலாம் என்று தலைவர் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். தலைவர் அவர்களே, உங்களை இந்த மேடையில் மறுப்பதற்கு மன்னிக்க வேண்டும். அது மரியாதையா? யார் வீட்டில் சாவு விழுந்ததோ அந்த வீட்டை எல்லாம் விட்டுவிட்டு எண்ணினால், எந்த ஊரும் நன்றாக இருக்கிற ஊராகத்தான் தெரியும். அப்படி எண்ணக் கூடாது என்பதற்காக ஈப்போ வரைக்கும் பஸ் ஏறிப் போனவர் டீச்சர். அவர் வீட்டையா முதலில் விடுவது? பாஞ்சாலை வீட்டிலும்தான் அடுப்பு எரியவில்லை. டீச்சர் அதை அடித்தாரா? எரிகிற வரைக்கும் போய்ப் போய்ச் சட்டி கழுவினாரே!

அந்த வீட்டுக்கு இனிமேல் என்ன வரும்? எனக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது? நாம் எல்லாரும் அண்ணனிடம் டீச்சர் எப்படி இறந்தார் என்றுதான் கேட்டோம். நானும் அதைத்தான் கேட்டேன்.

யார் போய்க் கேட்பது என்று மன்றத்தில் நான் கேட்டபோது எல்லாத் தலையும் குனிந்தது. என் தலையும்தான். பாஞ்சாலை மட்டும், "நான் போறேன்லா. எனக்கு அந்த வூட்டுக் குழாயடி தெரியும்" என்றது.

டீச்சருக்கு நான் சிலை வைப்பேன் என்று சொல்லப் போவதில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து கேட்போம் என்று மட்டும் இந்தச் சபைக்கு முன்னால் மன்றத்தின் சார்பில் சொல்கிறேன். ஒரு வீட்டையும் விடமாட்டோம். அஞ்சடியில் வைத்துக் கேட்கமாட்டோம். கேட்டதை வெளியே சொல்லமாட்டோம்.

திருச்செல்வம் அண்ணே, இதோடு முடித்துக்கொள்கிறேன். நாளைக் காலையில் பின்கதவைத் தாழ் போடாமல் வையுங்கள். பாஞ்சாலை வரும். வந்ததும் உங்களிடம் ஒன்றும் பேசாது. கிடக்கிற சட்டியைக் கழுவும். அடுப்பைப் பற்ற வைத்துத் தேத்தண்ணி போடும். குடியுங்கள். அப்புறம் கேட்கும்.

பதில் சொல்லுங்கள் அண்ணே.